புகையும் வேண்டா! பொய்யும் வேண்டா!

புகை சிறிதும் இல்லாத படத்திற்குப் 'புகைப்படம்' என்று பெயர்! சிற்றூர்ப் பள்ளியின் சேர்க்கைத் தாள் முதல் அரசு அலுவலகத்தின் விண்ணப்பத் தாள் வரை, ஒரு மூலையில் கட்டம் வரைந்து, அதனுள் 'புகைப்படம் ஒட்டுக' என்று அச்சிட்டு வைத்திருக்கின்றனர். 1993-ஆம் ஆண்டு முதல் வாக்காளர்க்கு வழங்கப்பட்டுவரும் அடையாள அட்டையைக் குறிக்கும்போதும் அதே புகைதான். எங்கே புகைந்தது? எது புகைந்தது? கேட்பாரில்லை. கேட்டால், "எல்லாரும் அப்படித்தானே சொல்கின்றனர்" என்பதே விடை.

எல்லாரும் சொல்கின்றனர் என்பதே ஒரு சொல்லுக்குச் சான்றாகுமாயின், தமிழில் இன்று புகுந்துள்ள கலப்புச் சொற்கள் அனைத்துக்கும் அச்சான்று உண்டு. ஒரு பொருளின் பெயர் அப்பொருளின் இயல்பைக் காட்டல் வேண்டும். அஃது இயலாதாயின், அவ்வியல்பை மறையாமலேனும் இருத்தல் வேண்டும். புகைப்படம் என்னும் சொல்லோ மறைக்கின்றது.

இதனை மாற்ற முனைவது புலவர்தம் பொழுதுபோக்கு என்று நகைப்பாரும் உளர். அவ்வாறன்று. ஒளிப்படத்தையே தொழிலாகக் கொண்டு உண்டு உடுத்து வாழ்வோர் தமிழகத்தின் ஊர்தோறும் உள்ளனர். அவர்தம் தொழிலை இன்று மூன்று பொய்கள் சூழ்ந்து நிற்கின்றன. ஒன்று, பெயரிலுள்ள பொய். மற்றொன்று, நிறத்திலுள்ள பொய். மூன்றாவது, எடுத்தவன் பெயரை மறைக்கும் பொய். படத்தின் பெருமையெல்லாம் அதன் மெய்ம்மையில் அடங்கியது. உள்ளதை உள்ளவாறு காட்டுதற்கென்றே தோன்றிய ஒரு தொழிலை, இம்மூன்று பொய்களுக்கு நடுவே உழலவிடுவது தமிழர்க்கு அழகன்று.

பெயரில் உள்ள பொய்

1839-ஆம் ஆண்டு ஆகசுட்டு 19-ஆம் நாள், பிரெஞ்சு நாட்டுத் தாகர் என்பார் கண்ட படமெடுக்கும் முறை பாரிசு நகரில் பலரறிய வெளியிடப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஆங்கில அறிஞர் சான் எர்செல் இலண்டன் அரசக் கழகத்தின்முன் படித்த உரையில், இக்கலைக்கு ஒரு பெயரைப் பயன்படுத்தினார். கிரேக்க மொழியில் ஒளி என்று பொருள்படும் சொல்லையும் வரைதல் என்று பொருள்படும் சொல்லையும் இணைத்து அமைந்த பெயர் அது. ஒளியால் வரைவது என்பதே அதன் பொருள். 'போட்டோ' என்று தமிழர் வாயில் நுழைந்து கிடப்பது அப்பெயரின் முன்பாதியே. ஆங்கிலேயன் கிரேக்கத்தை நாடியதற்கு ஒரு மரபு உண்டு. அவன் அறிவியற் சொற்களை அங்கிருந்தே எடுத்து வந்தான். தமிழன் எவரை நாடவேண்டும்? ஒளியும் அவனிடம் உண்டு. படமும் அவனிடம் உண்டு. இரண்டையும் சேர்த்தால் ஒளிப்படம். குழந்தைக்கும் விளங்கும் சொல்.

தாகரின் தகட்டில் மறைந்திருந்த உருவை வெளிக்கொணர, இதள் எனப்படும் பாதரசத்தைச் சூடேற்றி அதன் ஆவியைக் காட்டினர். ஆகவே புகைப்படம் எனல் பொருந்தும் என்று எவரேனும் அமைவு கூற வரலாம். ஆவி வேறு, புகை வேறு. மேலும், அத்தகட்டு முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழக்கொழிந்தது. ஒழிந்துபோன ஒரு முறையின் ஒரு படியைக் கொண்டு இன்றைய கலை முழுமைக்கும் பெயரிடுவது முறையன்று. நிழற்படம் என்பாரைக் குறைகூற வேண்டுவதில்லை. இங்கிலாந்தின் தால்பட்டும் 1839-இல் தம் முறையை நிழலை நிலைநிறுத்தும் கலை என்றே சுட்டினார். ஆயினும் நிழல் என்பது ஒளி படாத இடம். தாளிலோ தகட்டிலோ வேலை செய்வது ஒளியேயன்றி நிழலன்று. ஆதலின் ஒளிப்படமே செவ்விய சொல்.

இதனால் தொழிலாளிக்கு என்ன வந்தது என்னும் வினாவிற்கு வருவோம் எனின், அதற்கு விடை பட்டறையில் உள்ளது. பத்தாம் வகுப்பு முடித்த ஓர் இளைஞன் தொழில் பழக ஒரு படநிலையத்தில் சேர்கின்றான். கருவியிலுள்ள துளைக்கு அவனுக்குச் சொல்லித்தரப்படும் பெயர் 'அபர்ச்சர்'. எண் 2 என்றால் ஒளி மிகுதி, எண் 16 என்றால் ஒளி குறைவு என்று மனப்பாடம் செய்கின்றான். எண் பெருகப் பெருக ஒளி ஏன் குறைகின்றது? ஆசானும் அவ்வாறே மனப்பாடம் செய்தவராதலின், "அது அப்படித்தான்" என்கின்றார்.

இதனையே தாய்மொழியில் விளக்கிப் பார்க்க. வில்லையிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள தொலைவு குவியத் தொலைவு. அதனைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வரும் ஈவே அவ்வெண். குவியத் தொலைவு 50 மில்லிமீட்டர், துளையின் விட்டம் 25 மில்லிமீட்டர் எனின், ஈவு 2. ஈவு 16 ஆகவேண்டுமாயின், துளை ஏறத்தாழ 3 மில்லிமீட்டராகச் சுருங்கவேண்டும். வகுக்கும் எண் சிறுத்தால் ஈவு பெருக்கும். இது நான்காம் வகுப்புக் கணக்கு. விட்டம் பாதியானால் துளையின் பரப்புக் காற்பங்காகும். ஆகவே 2-இலிருந்து 4-க்குச் சென்றால் ஒளி நான்கில் ஒன்றாகும். இவ்வளவே! ஐந்து மணித்துளியில் விளங்கக்கூடிய ஒன்றை, ஐந்தாண்டு வேலை செய்தும் அறியாதிருக்கின்றான் எனின், குறை அவன் அறிவில் இல்லை. அவனுக்கு எட்டாத சொல்லில் பூட்டிவைத்த கல்வியில் உள்ளது.

ஈண்டு ஓர் உண்மையையும் உரைத்தல் வேண்டும். இத்தொழிலுக்கு நல்ல தமிழைத் தந்தோர் பெரும்பாலும் புலவரல்லர், தொழிலாளரே. 'படம் பிடித்தல்' என்னும் தொடரைக் காண்க. ஓடும் ஒளியை ஓரிடத்தில் பிடித்து நிறுத்துவதை இதனினும் சுருங்கச் சொல்ல இயலுமா? படச்சுருளை வேதிநீரில் இட்டு உருவை வெளிக்கொணர்வதைப் 'படம் கழுவுதல்' என்றனர். 'இருட்டறை' என்றனர், 'சுருள்' என்றனர். எவரும் அவர்களுக்குக் கலைச்சொல் அகராதி கொடுக்கவில்லை. அவர்கள் வாயில் தமிழ் தானே முளைத்தது. புலவர் செய்யவேண்டுவது, அறைக்குள் அமர்ந்து எவரும் வழங்காத சொற்களை அடுக்குவதன்று. பட்டறைக்குச் சென்று, அங்கு முளைத்தவற்றைத் திரட்டி, இல்லாதவற்றை அத்தொழிலாளரோடு கலந்து ஆக்குவதே. வில்லை, குவியம், எதிர்ப்படி, நேர்ப்படி, நிலைப்படுத்தி, ஒளிபடு நேரம் என்னும் சொற்கள் அவர்கள் நாவில் ஏறினாலன்றி ஏட்டில் இருந்து பயனில்லை.

அரசுகளோ இவ்வகையில் செய்ததும் செய்யாததும் உலகறியும். தமிழ் மண்ணில், உதகையில், நடுவணரசு 1960-இல் ஒரு படச்சுருள் நிறுவனத்தை அமைத்தது. அங்கு 1967-இல் ஆக்கப்பணி தொடங்கிற்று. நிறுவனத்தின் பெயர் 'இந்துசுத்தான்'. சுருளின் பெயர் 'இந்து' என்னும் நிலவைக் குறித்த வடசொல். திங்கள், மதி, நிலா என்று எத்தனையோ பெயர் வழங்கும் மண்ணில் விளைந்த சுருளுக்கு ஒரு தமிழ்ப்பெயர் கிடைக்கவில்லை! இன்று அவ்வாலையும் இயங்கவில்லை. அதனை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் கலைந்தன.

நிறத்தில் உள்ள பொய்

இரண்டாவது பொய் முகத்தில் பூசப்படுவது. தமிழர் பெரும்பாலார் கருநிறத்தார், மாநிறத்தார். அந்நிறம் இம்மண்ணும் வெயிலும் முன்னோரும் தந்தது. ஆயின், இன்றைய திருமணப் படத்தொகுப்புகளைப் புரட்டினால், மணமகளும் மணமகனும் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்துக் காணப்படுகின்றனர். கணிப்பொறியில் இரண்டு தட்டுத் தட்டினால் கருமை போய்விடுகின்றது. கருமை மட்டுமா போகின்றது? தந்தையின் சாயல் போகின்றது. பாட்டியின் கன்னக்குழி போகின்றது. அம்முகம் எவர் வீட்டு முகம் என்பதே போகின்றது.

இப்பொய்க்கு வேர் ஆழமானது. வண்ணப் படச்சுருள் பரவிய காலத்தில், கோடாக்கு என்னும் அமெரிக்க நிறுவனம் நிறத்தைச் சரிபார்ப்பதற்கென ஓர் அட்டையை அச்சிட்டுப் படக்கூடங்களுக்கு அனுப்பிற்று. அதிலிருந்தவள் வெள்ளையினப் பெண் ஒருத்தி. 'சேர்லி' அட்டை என்று அதனை வழங்கினர். அவள் முகம் செம்மையாய் வந்தால் நிறம் செம்மை என்பது அளவுகோல். 1990-களில்தான் பல நிறத்து மாந்தரும் அவ்வகை அட்டையில் இடம்பெற்றனர். அதுவரை, உலகின் கரிய மக்கள் அனைவரும் ஒரு வெள்ளை முகத்தின் அளவுகோலால் அளக்கப்பட்டனர்.

கருவியும் அவ்வாறே பிழைபடும். ஒளியளக்கும் பொறி, தன்முன் உள்ள காட்சி முழுமையும் இடைத்தரமான சாம்பல் நிறம் என்று கொண்டே அளக்கின்றது. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் உடுத்த ஒரு கரிய பெரியவரை அதன்முன் நிறுத்துக. வெண்மை மிகுதியைக் கண்ட பொறி ஒளியைக் குறைக்கின்றது. வேட்டி சாம்பலாகின்றது, முகம் கரிக்கட்டையாகின்றது. முகத்தை மட்டும் நெருங்கி அளந்தாலோ, கருமையைச் சாம்பலாக்க வேண்டி ஒளியை மிகுக்கின்றது; முகம் வெளிறுகின்றது, வேட்டியின் மடிப்பெல்லாம் மறைந்து வெறும் வெண்மையாகின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே, பொறி சொல்வதைத் தள்ளித் தன் கண்ணை நம்பி, முகத்தின் கருமை கருமையாகவும் வேட்டியின் வெண்மை வெண்மையாகவும் அமைய ஒளியை வகுப்பவனே தேர்ந்த கலைஞன். பக்கவாட்டுச் சாளரத்து ஒளியில் கரிய கன்னத்தின்மீது விழும் மினுக்கத்தை எடுத்துக்காட்டத் தெரிந்தவன், அம்முகத்தை வெளுக்கவேண்டும் என்று ஒருநாளும் எண்ணான்.

அத்தகைய கலைஞர் இந்நாட்டில் இல்லாமலில்லை. புதினப் படைப்பாளர் மாதவையாவின் மகனார் மா. கிருட்டிணன், 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர், காட்டு யானைகளைக் கருப்பு வெள்ளையில் எடுத்த படங்கள் பெயர்பெற்றவை. பறவைகளையும் விலங்குகளையும் பற்றித் தமிழில் எழுதியவரும் அவரே. யானையின் கருமையில் எத்தனை படிநிலைகள் உண்டு என்று காட்டக் கற்ற கண்கள் தமிழரிடையே இருந்திருக்கின்றன. மாந்தர் முகத்துக்கு மட்டும் அக்கண்கள் ஏன் மூடவேண்டும்?

தொழிலாளியின் மீதே முழுப் பழியையும் சுமத்துவது அறமன்று. "கொஞ்சம் கலராகக் காட்டுங்கள்" என்று கேட்பவர் மணவீட்டார். கேட்டவாறு செய்யாவிடில் அடுத்த திருமணம் அடுத்த தெருக்காரனுக்குப் போய்விடும். ஆடித் திங்களிலும் மார்கழித் திங்களிலும் திருமணங்கள் அருகிவிடும்; அந்நாள்களில் கடை வாடகைக்கே திண்டாடும் ஒருவன், தை பிறந்ததும் வந்த வேலையை மறுத்து அறம் பேச இயலுமா? 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் நாடு முழுதும் அடைக்கப்பட்டபோது, திருமணங்கள் சுருங்கின, திருவிழாக்கள் நின்றன, கடன் வாங்கிக் கருவி வாங்கியவன் கருவியை விற்றுக் கடன் அடைத்தான். எனவே, கருமையை வெளுக்கும் பொய்யை ஒழிக்கும் கடமை முதலில் தமிழ்க் குடும்பத்திற்கு உரியது. தன் மகளின் நிறத்தைக் கண்டு நாணுகின்ற தாய்தந்தையர் இருக்கும்வரை, ஒளிப்படக்காரன் சுண்ணாம்புச் சட்டியோடு நிற்கத்தான் செய்வான்.

பெயரை மறைக்கும் பொய்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றி அருண்மொழித்தேவனாகிய இராசராசன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் ஓடுகின்றன. 1858-ஆம் ஆண்டில் அவற்றைப் படமெடுத்தவர் இலின்னேயசு திரைப் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராய் அமர்த்தப்பட்டிருந்தவர். கல்லில் எழுத்து ஓடுகின்ற வழியே கருவியை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படிகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். நூற்றறுபது ஆண்டுகட்குப் பின்னும் அப்படம் அவர் பெயராலேயே வழங்குகின்றது. எழுத்துத் தமிழனுடையது, கல் தமிழனுடையது, அப்பெரும் பெட்டியையும் நீர்க்குடங்களையும் திரைப் ஒருவரே சுமந்திரார். சுமந்தவர் பெயரை அப்படத்தின் கீழ்க் காண்பதற்கில்லை. அப்பணியும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1859-இல் சென்னை ஆளுநராய் வந்த திரெவெலியன் அதனைப் பகட்டுச் செலவு என்று கருதி முடித்துவைத்தார்.

பெயர் பொறித்தவன் வரலாற்றில் நிற்கின்றான், பொறியாதவன் மறைகின்றான். பிரெஞ்சு அரசு 1839-இல் செய்ததை நினைக்க. படமெடுக்கும் முறையை உலகுக்கு வழங்குமுன், தாகருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும், அவருக்கு முன்பே அவ்வழியில் உழைத்து இறந்த நீப்சின் மகனுக்கு 4,000 பிராங்கும் வாழ்நாள் முழுதும் வழங்க வகைசெய்தது. உழைத்தவனை ஒப்புக்கொண்ட பின்னரே உழைப்பின் பயனைப் பொதுவாக்கினர்.

இந்நாட்டுச் சட்டம் என்ன கூறுகின்றது? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படத்தை எடுத்தவனே அதன் ஆக்கியோன். ஆயின், ஒருவர் கேட்க, விலை பெற்று எடுத்த படமாயின், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கேட்டவரே அதன் முதல் உரிமையாளர் என்று 17-ஆம் பிரிவு கூறுகின்றது. திருமணப் படத்தின் உரிமை மணவீட்டாரைச் சேரும். இதில் பிழையில்லை, தம் வீட்டு முகங்கள் தம்மிடம் இருக்கவேண்டும் என்பது முறையே. எனினும், அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமை கைமாறிய பின்னரும் 'இஃது யான் ஆக்கியது' என்று கூறும் தகுதி ஆக்கியோனுக்கே உண்டு என்கின்றது. 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தால், ஒளிப்படத்தின் பதிப்புரிமை ஆக்கியோன் வாழ்நாளும் அதற்குப்பின் 60 ஆண்டும் நிற்கின்றது; பாட்டுக்கும் புதினத்துக்கும் உள்ள அதே காலம். சட்டத்தின் கண்ணில் ஒளிப்படக்காரன் பாவலனோடு ஒப்ப அமர்ந்துவிட்டான். தமிழர்தம் கண்ணில்தான் அவன் இன்னும் பந்திக்குக் கடைசியாய் அழைக்கப்படும் கூலியாள்.

தமிழியக்க இதழ்களும் இப்பழிக்கு விலக்கல்ல. மாநாட்டுப் படங்களை அச்சிடுகின்றனர். மேடையில் இருந்தார் பெயரெல்லாம் வரிசைப்படுத்துகின்றனர். வெயிலில் நின்று அப்படத்தை எடுத்தவன் பெயரை விட்டுவிடுகின்றனர். பிறர் பாட்டைப் பெயரின்றி வெளியிட்டால் களவு என்று கொதிப்போர், பிறர் படத்தைப் பெயரின்றி வெளியிடுவதைக் களவென்று கருதாதது வியப்பே. ஒளியால் எழுதுபவன் பெயரை ஒளித்து வைப்பது தமிழ்ப்பணி ஆகாது.

ஒளி படாத படம்

கைப்பேசி வந்தபின் எல்லாரும் ஒளிப்படக்காரரே. தனித் தொழில் எதற்கு என்பார் உளர். எழுதுகோல் எல்லார் பையிலும் இருப்பதால் எல்லாரும் புலவராகிவிடவில்லை. அதனினும் பெரிய இடர் இன்று வந்துள்ளது. செயற்கை அறிவு என்னும் கணிப்பொறி முறை, எவர் முன்னும் எந்தக் கருவியையும் வையாமல், ஒரு துளி ஒளியும் படாமல், இல்லாத மாந்தரையும் நடவாத நிகழ்ச்சியையும் படமாக்கித் தருகின்றது. கண்டார் மெய்யென்று மயங்குவர்.

இவ்விடத்தில்தான் பெயரின் பெருமை விளங்கும். புகைப்படம் என்று சொல்லிக்கொண்டிருப்பவனால் இவ்விரண்டையும் பெயரால் பிரித்தறிய இயலாது, இரண்டிலும் புகையில்லை. ஒளிப்படம் என்பவனுக்கோ அப்பெயரே உரைகல்லாய் நிற்கும்: ஒளி பட்டு வந்ததா? ஆம் எனின் ஒளிப்படம். இல்லையெனின் அது வரைபடமாகலாம், புனைபடமாகலாம், ஒளிப்படம் ஆகாது. நாளை ஒரு வழக்கு மன்றத்திலோ, ஓர் இதழின் பக்கத்திலோ, இன்னது நடந்தது என்பதற்குச் சான்று வேண்டப்படும்போது, "அவ்விடத்தில் நின்றேன், அவ்வொளியைப் பிடித்தேன்" என்று தன் பெயரைச் சொல்லி முன்நிற்கக்கூடியவன் ஒளிப்படத் தொழிலாளி ஒருவனே.

ஆதலின், செய்யவேண்டுவன சிலவே. அரசு தன் விண்ணப்பத் தாள்களிலும் அட்டைகளிலும் புகையை நீக்கி ஒளியை இடுக. பெயர்ப்பலகையில் தமிழுக்கு முதலிடம் என்னும் நெறிமுறை ஏட்டளவில் நில்லாமல், 'போட்டோ சுடூடியோ' என்னும் பலகைகள் 'ஒளிப்பட நிலையம்' ஆகுக. தொழிற்பயிற்சிக் கூடங்களில் இக்கலை தமிழிலேயே கற்பிக்கப்படுக. அதற்கான சிறு நூலைப் புலவரும் தொழிலாளரும் ஒருங்கிருந்து எழுதுக. தமிழ் இதழ்கள் ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர் பெயரை இடுக. இயக்க இதழ்கள் இதில் முந்துக. மணவீட்டார், படக்காரர்க்குப் பேசிய தொகையைக் குறைக்காமல் கொடுத்து, "முகத்தை முகமாகவே எடுங்கள்" என்று சொல்லக் கற்க.

கரிய முகத்தைக் கரியதாகவே காட்டும் ஒரு படம், அதன் கீழ் எடுத்தவன் பெயர், அப்படத்திற்கு மெய்யான ஒரு தமிழ்ப்பெயர். இம்மூன்றுக்கும் பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது. நாணத்தை விட்டால் போதும்.